வைத்தியர் கற்காத மூலிகை

நமது நாளிதழ்களில் கஞ்சாவுக்கென இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று பொலிஸ் செய்திப் பக்கம். வடமராட்சிக் கடலிலோ மன்னார்க் கரையிலோ கைப்பற்றப்பட்ட பொதிகளுக்குப் பின்னால் தலைகுனிந்த இளைஞர் சிலர் நிற்க, ‘கேரள கஞ்சா’ என்ற தலைப்பின் கீழ் நிறையும் பெறுமதியும் அச்சாகும். மற்றையது பொருளாதாரப் பக்கம். அங்கே அதே செடி அந்நியச் செலாவணியை ஈட்டவல்ல பயிராக உருமாறி நிற்கும். 2022 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்திலே, ஏற்றுமதிக்கான கஞ்சாச் செய்கை பற்றி ஆராய நிபுணர் குழுவொன்றை அமைக்கும் யோசனை இடம்பெற்றது. 2025இல் முதலீட்டுச் சபையின் வழியாக ஏழு வெளிநாட்டு நிறுவனங்கள் மீரிகமையில் 64 ஏக்கர் நிலத்திற் கஞ்சா பயிரிட அனுமதி பெற்ற செய்தி வெளியாயிற்று. விளைவது அனைத்தும் ஏற்றுமதிக்கே என்று நமக்கு உறுதியளிக்கப்பட்டது. அஃதாவது, மருந்து பிறநாட்டு நோயாளருக்கு. மண்ணும் நீரும் காவலும் நம்முடையவை.

மூன்றாவது பக்கம் ஒன்று இருந்திருக்கவேண்டும். இச்செடியிலிருந்து பெறப்படும் மருந்து எந்த நோய்க்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது, எவ்வளவு கொடுக்கலாம், எவருக்குக் கொடுத்தலாகாது, வேறெந்த மருந்தோடு சேர்ந்தால் தீங்கு விளையும் என்பனவற்றை வைத்தியர் நமக்குச் சொல்லும் பக்கம் அது. அப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. வைத்தியர்கள் எழுத மறுத்தமையால் அன்று. எழுதுவதற்கு அவர்களுக்குக் கற்பிக்கப்படாமையால்.

கலைப்பீட மாணவன் ஒருவன் மருத்துவக் கல்வியைப் பற்றிப் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் கருதக்கூடும். மருத்துவக் கல்வியின் குறைபாடு மருத்துவ பீடத்தின் மதிலோடு நின்றுவிடுமானால் நானும் மௌனமாக இருந்திருப்பேன். அது என் வீட்டுக் கூடம் வரை வந்து சேர்ந்தது.

என் சின்னம்மாவுக்கு இளவயதில் வந்த வாதக் காய்ச்சலினால் இருதய வால்வு பழுதடைந்து, பின்னர் செயற்கை வால்வு பொருத்தப்பட்டது. அன்றுதொட்டு, குருதி உறைவதைத் தடுக்கும் வோபரின் என்ற மாத்திரையை அவர் நாள்தோறும் உட்கொண்டு வருகிறார். மாதந்தோறும் கிளினிக்கில் குருதியைப் பரிசோதித்து மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். முழங்கால் வலியோடும் நித்திரையின்மையோடும் அவர் படும்பாட்டைத் தொலைபேசியிற் கேட்ட ரொறன்ரோ உறவினர் ஒருவர், ஊருக்கு வந்தபோது சிறிய போத்தலில் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். அங்கே கடையில் வெளிப்படையாக விற்கப்படும் கஞ்சா எண்ணெய் அது. சின்னம்மா விவரமானவர். அடுத்த கிளினிக் நாளன்று போத்தலைக் கைப்பையில் எடுத்துச்சென்று, இதனை அந்த மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்டார். வைத்தியர் போத்தலை வாசித்தார். பின்பு, இந்த வயதிற் கஞ்சா குடிக்க வெட்கமில்லையா என்று தாதியருக்கும் கேட்கும்படி சிரித்தார். கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை. “கேட்டதே பிழையாப் போச்சுது, தம்பி” என்று சின்னம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். எண்ணெயை அவர் நிறுத்தவில்லை, கேட்பதைத்தான் நிறுத்தினார். சில வாரங்களில் முரசிலிருந்து குருதி கசிந்தது. கையிலும் தொடையிலும் நீலம் பாரித்தது. குருதி உறையும் நேரம் அளவுக்கு மீறி நீண்டிருப்பதைப் பரிசோதனை காட்டிற்று. வேறு பிரிவிலே, வேறொரு வைத்தியர் அவரைக் காப்பாற்றினார்.

எண்ணெய்தான் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. ஒரு நோயாளியின் கதை ஆய்வாகாது. ஆயினும், அவ்வெண்ணெயில் உள்ள சீ.பீ.டீ. என்னும் கனபிடியோல், வோபரினைச் சிதைக்கும் ஈரல் நொதியத்தைத் தடைசெய்யவல்லது என்பதும், இரண்டையும் ஒருங்கே உட்கொண்ட நோயாளரிடம் வோபரினின் வலு கூடியமையும் மருத்துவ ஏடுகளில் ஏற்கனவே பதிவாகியிருந்தன. நூலகத்தில் ஒரு பிற்பகலைச் செலவிட்ட கலைப்பீட மாணவனுக்குக் கிடைத்த அச்செய்தி, மருந்து எழுதும் உரிமை பெற்றவருக்குக் கிடைக்கவில்லை. அந்த வைத்தியரை நான் குறைகூறேன். கஞ்சாவை எங்கே கற்றீர்கள் என்று மருத்துவ பீட நண்பர் சிலரிடம் விசாரித்தபோது, உளமருத்துவப் பாடத்தில் போதைப் பொருள்களின் வரிசையில் சில வரிகள் என்றே விடை கிடைத்தது. அவர் கற்றது அதுவே. நோயாளியிடம் அவர் சொன்னதும் அதுவே.

எனவே என் வாதத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றேன். கஞ்சாவை மருந்தாக அனுமதிக்கவேண்டுமா, விலக்கவேண்டுமா என்பது இரண்டாவது வினா. வைத்தியருக்கு அதனைக் கற்பிப்பதும், எவற்றை ஆராயவேண்டும் என்று ஒழுங்குபடுத்துவதும் அதற்கு முந்தியவை. சட்டம் மாறட்டும், பின்னர் பாடத்திட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள், தம் வாழ்நாளிலேயே பிறநாடுகளில் நடந்தவற்றைப் படிக்காதவர்கள்.

இந்த அறியாமை தொன்மையானது என எண்ணுதல் தவறு. அது பிற்காலத்தில் உண்டாக்கப்பட்டது. 1839இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலே இரசாயனம் கற்பித்த வில்லியம் புரூக் ஓஷோனசி என்ற அயர்லாந்து வைத்தியர், கஞ்சாவைப் பற்றி நீண்ட ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். இந்து, முஸ்லிம் அறிஞரின் துணையோடு பழைய நூல்களில் உள்ளவற்றைத் திரட்டினார். முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் பின்னரே முடக்குவாதம், ஏற்புவலி, விசர்நாய்க்கடி, குழந்தை வலிப்பு முதலியவற்றால் வருந்தியோருக்குக் கொடுத்தார். பயன் கண்ட இடத்தைப் போலவே மதிமயக்கம் கண்ட இடத்தையும் மறைக்காது எழுதினார். அவருடைய முறையில் இன்றைய ஆய்வாளர் குறை காண இடமுண்டு. எனினும் அவர் ஓர் ஆசிரியர். தம் மாணவர் அறியவேண்டிய பொருளாகவே கஞ்சாவை நோக்கினார். அதற்கு ஐம்பது ஆண்டுகளின் பின் 1893-94இல் இந்தியாவில் அமைக்கப்பட்ட சணல் போதைப்பொருள் ஆணைக்குழு, ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து ஏழு தொகுதிகளில் அறிக்கை சமர்ப்பித்தது. அளவான பாவனையால் பெருந்தீங்கு இல்லை, அளவு மீறிய பாவனையால் தீங்கு உண்டு என்பது அதன் முடிபு. காலனித்துவ அரசின் வரி நோக்கம் அதிற் கலந்திருந்தது என்பதை மறந்துவிடலாகாது. ஆயினும் விசாரித்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டு விசாரிப்பதை நிறுத்திற்று. 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை இந்தியச் சணலைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. இலங்கையிலே நஞ்சுகள், அபின், அபாயகரமான ஒளடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் 1929இல் இயற்றப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1937இல் கஞ்சா மீது வரிச்சட்டம் கொண்டுவரப்பட்டபோது, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பிலே வில்லியம் வூட்வேர்ட் காங்கிரஸ் குழுவின் முன் தோன்றி எதிர்த்தார். குற்றச்சாட்டுக்கு நேரடிச் சான்று எங்கே என்று அவர் வினவினார். எதிர்காலத்தில் இதன் மருத்துவப் பயன் வெளிப்படக்கூடிய வழியை அடைத்துவிடவேண்டாம் என்றும் எச்சரித்தார். அவர் குரல் எடுபடவில்லை. 1942இல் அந்நாட்டு மருந்து நூலிலிருந்து கஞ்சா நீக்கப்பட்டது. மருந்து நூலில் இல்லாதது பாடநூலில் இராது. பாடநூலில் இல்லாதது பரீட்சையில் வராது. பரீட்சையில் வராததை எந்த மாணவர் படிப்பார்? நம் பல்கலைக்கழகத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆய்வுகூடத்தில் அறிவு வளர்ந்துகொண்டுதான் இருந்தது. 1964இல் இஸ்ரேலில் றபாயேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் கஞ்சாவின் மயக்கப் பொருளான ரீ.எச்.சீ.யைப் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பை வெளியிட்டனர். 1988இல் மூளையிலே அப்பொருளுக்கெனவே அமைந்தாற்போன்ற வாங்கி ஒன்று உண்டு என்பது அமெரிக்காவில் நிறுவப்பட்டது. மனிதன் புகைக்கும் ஒரு செடிக்காக மூளை வாங்கி அமைத்திருக்குமா? உடலே அத்தகையதொரு பொருளைச் சுரக்கவேண்டும் என்று தேடி, 1992இல் மெக்கூலத்தின் ஆய்வுகூடத்தினர் அதனைக் கண்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஆனந்தமைட்டு. வடமொழி ‘ஆனந்த’த்திலிருந்து பிறந்தது. கஞ்சாவுக்கு நம் மருத்துவ மரபில் வழங்கிய பெயர்களுள் ஆனந்தமூலி என்பதும் ஒன்று என்பதைத் தமிழ் மாணவர் அறிந்து மகிழலாம். மகிழ்ந்து நின்றுவிடலாகாது. வலி, பசி, நித்திரை, நினைவு, அச்சம் ஆகியவற்றோடெல்லாம் தொடர்புடைய இந்த உடலியல் ஒழுங்கு கண்டறியப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கஞ்சாவை ஒருபோதும் எழுத விரும்பாத வைத்தியரும் அதனை அறிந்திருக்கவேண்டும். ஏனெனில் அது செடியைப் பற்றிய அறிவன்று, மனித உடலைப் பற்றிய அறிவு.

கல்விக்கு முன்னே சட்டம் ஓடினால் யாது நிகழும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவே சான்று. கலிபோர்ணியாவில் 1996இல் வாக்கெடுப்பின் மூலம் மருத்துவக் கஞ்சா அனுமதிக்கப்பட்டது. வொஷிங்ரன் மாநிலம் 1998இல் தொடர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஏனைய மாநிலங்களும் சேர்ந்தன. மருந்தொன்று வாக்குப்பெட்டியின் வழியாக வந்த விசித்திரம் அது. இரு தசாப்தங்கள் கழித்து, 2017இல் வெளியான ஆய்வொன்று அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளை வினவிற்று. கஞ்சாவை மருந்தாக எழுதுவதற்குத் தம் பட்டதாரிகள் எவ்விதத்திலும் தயாராக இல்லை என்று பீடாதிபதிகளுள் மூன்றில் இரு பங்கினர் ஒப்புக்கொண்டனர். பயிற்சி வைத்தியருள் 89.5 வீதத்தினர் தம்மைப் பற்றி அவ்வாறே கூறினர். ஏறத்தாழ 85 வீதத்தினர் கல்லூரியிலோ பயிற்சியிலோ இது பற்றி எதுவும் கற்கவில்லை. பாடவிதானப் பதிவுகளைப் புரட்டியபோது 9 வீதமான கல்லூரிகளிலேயே மருத்துவக் கஞ்சா என்ற சொற்றொடர் காணப்பட்டது. இருபது ஆண்டுகள் நோயாளர் வாங்கிக்கொண்டிருந்தனர். எவரிடம் கேட்டு வாங்கினர்? கடையில் நிற்கும் விற்பனையாளரிடம். புற்றுநோயாளிக்கும் வலிப்புக்காரக் குழந்தையின் தாய்க்கும் அளவு சொன்னவர் மருத்துவம் படியாத கடைப்பையன். வைத்தியர் விட்டுச்சென்ற கதிரை வெறுமையாக இருப்பதில்லை. வேறொருவர் வந்து அமர்ந்துவிடுகிறார்.

பிரித்தானியா மறுகோடியிற் சென்றது. 2018 நவம்பர் 1 முதல் விசேட வைத்தியர்கள் மாத்திரம் எழுதலாம் என்று விதித்தது. அவர்களோ இதனைக் கற்றவர்கள் அல்லர், பொறுப்பேற்க அஞ்சினர். தேசிய சுகாதார சேவையில் இம்மருந்து அரிதாகவே எழுதப்பட, பணம் படைத்தோர் தனியார் கிளினிக்குகளுக்குப் போயினர். தாய்லாந்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே மருத்துவப் பயன்பாட்டுக்குச் சட்டம் இடமளித்ததும், மேலைமுறை வைத்தியருக்கும் பாரம்பரிய வைத்தியருக்கும் குறுகிய காலப் பயிற்சி நெறிகளை அரசே 2019இல் நடத்திற்று. நல்ல தொடக்கம். ஆனால் 2022 ஜூனில் அரசியல்வாதிகள் கட்டுப்பாட்டையே நீக்க, தெருவெங்கும் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் வைத்தியரின் சீட்டின்றி விற்கக்கூடாது என்று மீண்டும் சட்டத்தை இறுக்க நேர்ந்தது. பயிற்சி நடந்துகொண்டிருந்த வகுப்பறைக்கு வெளியே சந்தை திறக்கப்பட்டால் வகுப்பறை தோற்கும்.

இனி ஆய்வைப் பற்றி. ‘ஆயிரக்கணக்கான ஆய்வுகள் நிரூபித்துவிட்டன’ என்று கூறுவோரும் ‘ஒன்றுமே நிரூபிக்கப்படவில்லை’ என்று கூறுவோரும் ஒரே இனத்தவர். இருவரும் ஆய்வுகளை வாசிக்கவில்லை. அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டில், வலுவான சான்று உண்டு எனக் கொள்ளப்பட்ட பயன்கள் மிகச்சிலவே. வளர்ந்தோரின் நாட்பட்ட வலி, புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தி, மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளர் தாமே உணரும் தசை இறுக்கம் என்பன அவை. அதே நூலிலே உளச்சிதைவு நோயோடும் வாகன விபத்தோடும் குறைந்த நிறையுள்ள பிறப்போடும் கஞ்சாவுக்குள்ள தொடர்பும் வலுவாகவே கூறப்பட்டுள்ளது. கஞ்சா விரும்பிகள் முதற்பகுதியை மேற்கோள் காட்டுவர். எதிர்ப்போர் இரண்டாம் பகுதியை. ஒரே நூல்தான்.

ஆய்வை வாசிக்கும் பயிற்சி ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணத்தை விரிவாகக் கூற விரும்புகின்றேன். 2014இல் அமெரிக்க ஆய்வொன்று, மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களில் அபின்வகை வலிநிவாரணிகளால் நேரும் மரணங்கள் எதிர்பார்த்ததைவிட 24.8 வீதம் குறைந்திருந்தன என்று கூறிற்று. அது 1999 முதல் 2010 வரையான தரவு. உலகமெங்கும் அவ்வெண் பரவிற்று, சட்டமன்றங்களில் ஒலித்தது, கம்பனிகளின் விளம்பரங்களில் ஏறியது. 2019இல் வேறொரு குழுவினர் அதே முறையைக் கையாண்டு 2017 வரையான தரவைச் சேர்த்துக் கணக்கிட்டனர். குறைவு மறைந்தது மாத்திரமன்று, ஏறத்தாழ 23 வீத உயர்வாகத் தலைகீழாயிற்று. கஞ்சா மரணத்தைக் கூட்டியது என்பது அதன் பொருளன்று என்று அந்த ஆய்வாளரே கூறினர். மாநிலங்களின் சராசரியைக் கொண்டு மனிதரின் உடலைப் பற்றி முடிவுகட்டலாகாது என்பதே அதன் பொருள். மனிதரையே பின்தொடர்ந்த அவுஸ்திரேலிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. நாட்பட்ட வலியால் வருந்தி அபின்வகை மருந்து உட்கொண்ட 1,514 பேரை நான்கு ஆண்டுகள் அவதானித்தும், கஞ்சா அவர்கள் வலியைக் குறைத்தமைக்கோ அபின்வகை மருந்தின் தேவையைக் குறைத்தமைக்கோ சான்று கிட்டவில்லை. முதலாவது எண்ணை மட்டும் கேள்விப்பட்ட வைத்தியர் ஒருவர் தம் நோயாளிக்கு யாது சொல்லியிருப்பார்?

முறையான ஆய்வு எத்தகையது என்பதற்கும் சான்று உண்டு. டிறவே என்னும் கொடிய குழந்தை வலிப்பு நோய்க்குத் தூய கனபிடியோலைக் கொடுத்து நடத்திய சோதனை 2017இல் வெளிவந்தது. 120 இளம் நோயாளர். எவருக்கு மருந்து, எவருக்கு வெறும் பாகு என்பது பெற்றோருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. மருந்து பெற்றோரின் மாதாந்த வலிப்பு, நடுப்பெறுமானக் கணக்கில் 12.4இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது, மற்றோருக்கு 14.9இலிருந்து 14.1 ஆயிற்று. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அது மருந்தாகப் பதிவுபெற்றது. பக்க விளைவுகளும் சேர்த்தே பதியப்பட்டன. சோடியம் வல்புரோவேற் உட்கொள்ளும் பிள்ளைகளில் ஈரல் நொதியங்கள் உயர்ந்தன. குளோபசாம் உட்கொள்வோரில் அதன் வலு பெருகி மந்தம் உண்டாயிற்று. வல்புரோவேற் நம் நாட்டு வலிப்புக் கிளினிக்குகளிலே நாள்தோறும் கொடுக்கப்படும் மாத்திரை. ரொறன்ரோவிலிருந்து எண்ணெய்ப் போத்தல்கள் முழங்கால் வலிக்கு மாத்திரந்தான் வருகின்றன என்று எவர் உறுதிகூறுவார்?

மேலைநாட்டு ஆய்வுக்கும் ஒரு விலங்கு இருந்தது. 1968 தொடக்கம் அரை நூற்றாண்டு காலமாக, ஐக்கிய அமெரிக்காவில் ஆய்வுக்கான கஞ்சாவை வளர்க்கும் அனுமதி மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கே இருந்தது. 2021இலேதான் பிறருக்கும் வழிதிறந்தது. கடையில் நோயாளி வாங்கியது ஒன்று. ஆய்வாளர் சோதித்தது மற்றொன்று. இத்தவறு நம் நாட்டில் வேறு வடிவில் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு.

இலங்கையிலே ஆயுர்வேத, சித்த மருந்துகளிற் கஞ்சா சேர்ப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆயின் அதற்கான கஞ்சா எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நீதிமன்றங்களிலிருந்து. வழக்கொன்றில் கைப்பற்றப்பட்ட பொதி, வழக்கு முடியும்வரை களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்கிற் கிடந்து, பின்னர் மருந்து உற்பத்திக்குப் போயிற்று. அது வீரியமிழந்துவிடுகிறது என்று சென்ற தசாப்தத்திலே சுகாதாரத்துறைக்குப் பொறுப்பானோரே பகிரங்கமாகக் கூறினர். ரீ.எச்.சீ. காற்றும் ஒளியும் பட்டு, வலுக்குறைந்த வேறொரு பொருளாக மாறும் என்பது இரசாயனம் அறிந்த எவருக்கும் தெரியும். அங்ஙனமாயின் நம் இளகங்களிலும் மோதகங்களிலும் இருந்தது யாது? ஒரு கரண்டியில் எவ்வளவு? இந்த ஆண்டு செய்ததும் சென்ற ஆண்டு செய்ததும் ஒன்றா? பாலில் அவித்துச் சுத்திசெய்தல் முதலிய முறைகளால் அதன் இரசாயன அமைப்பு எவ்வாறு மாறுகிறது? விடை தெரியாத மருந்தை நாம் பாரம்பரியம் என்ற பெயரால் வழங்குகின்றோம்.

சித்த மருத்துவ அபிமானிகள் என்மீது சினங்கொள்ளக்கூடும். சிவமூலி என்றும் கோரக்கர் மூலி என்றும் சித்தர் போற்றியதை மேலைநாட்டான் இன்றுதான் கண்டுபிடிக்கிறான் என்று மேடையில் முழங்குவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. சித்தர் கண்டது உண்மையெனின், அதைச் சோதிக்க அஞ்சுவானேன்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே 1984 முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. கைதடிக்கும் மருத்துவ பீடத்துக்கும் இடையே உள்ள தூரம் பஸ்ஸில் அரைமணி நேரந்தான்; கல்வியில் அது கடல்கடந்த தூரமாக இருக்கிறது. ஒருவர் சுவடியை வாசிக்கத் தெரிந்தவர். மற்றவர் குருதியிலே மருந்தை அளக்கத் தெரிந்தவர். ஓஷோனசி 1839இல் ஒரே மேசையில் அமரச்செய்தவர்களை நாம் இரண்டு வளாகங்களிற் பிரித்து வைத்திருக்கிறோம்.

ஆகவே நம் நாட்டு ஆய்வின் முதற்பணி, நோயைக் குணப்படுத்தும் புதுமருந்தைத் தேடுவதன்று. ஏற்கனவே மக்கள் உட்கொள்பவற்றில் உள்ளது யாது என்று அளப்பதே முதற்பணி. அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இரசாயனத் துறையின் கருவிகளும் ஆயுர்வேதத் திணைக்களத்தின் ஒத்துழைப்பும் போதும். அடுத்து, நமது கிளினிக்குகளில் அதிகம் வழங்கப்படும் மருந்துகளோடு இது எவ்வாறு இடைவினை புரிகிறது என்பது. வோபரினை இங்கே எடுத்துக்காட்டியது சின்னம்மாவுக்காக மாத்திரமன்று. வாதக் காய்ச்சலால் இருதயம் பழுதடைந்தோர் மேலைநாடுகளில் இன்று அருகிவிட்டனர், நம்மிடையே அருகவில்லை. ஆகையால் நமக்காக அதனைப் பிறர் ஆராயப்போவதில்லை. பின்னர் தீங்கைப் பற்றிய ஆய்வு. 45,570 சுவீடன் இராணுவப் பயிலுநரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து, 1987இல் வெளியான ஆய்விலே, ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா புகைத்தோருக்கு உளச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு அதனைப் பாவியாதோரைவிட ஆறு மடங்காகக் காணப்பட்டது. யுத்தத்தினூடாக வளர்ந்த தலைமுறையைக் கொண்ட வடக்கிலும் கிழக்கிலும் அத்தகைய ஆய்வின் தேவையை நான் வற்புறுத்தவேண்டியதில்லை. புற்றுநோயின் இறுதிக்கட்ட வலி, நீரிழிவினால் வரும் நரம்பெரிவு என்பன அவற்றுக்குப் பின்னரே வரவேண்டும்.

கற்பித்தால் பழக்கம் பெருகும் என்பது எதிர்ப்போரின் பெரும் ஆயுதம். அபினியிலிருந்து பெறப்படும் மோர்பினை மருத்துவ மாணவர் அனைவரும் கற்கின்றனர். எவ்வளவு கொடுத்தால் மூச்சு அடங்கும் என்பதையும் கற்கின்றனர். அதனால் மருத்துவ பீடம் அபின் குகையாயிற்றா? கஞ்சாவைக் கற்பிப்பதென்பது அதனைப் பரிந்துரைப்பதன்று. எழுத மறுப்பதற்கும் அறிவு வேண்டும். குடும்பத்தில் உளநோய் உண்டா என்று இளைஞனிடம் கேட்கவும், கருவுற்றவளைத் தடுக்கவும், எண்ணெய்ப் போத்தலோடு வந்த மூதாட்டியிடம் “அம்மா, இது அந்த மாத்திரையோடு சேராது, நிறுத்துங்கோ” என்று சொல்லவும் கல்வியே துணை. வெட்கமில்லையா என்று கேட்பதற்குத்தான் கல்வி வேண்டியதில்லை.

சான்று முதிரட்டும், பின்னர் கற்பிப்போம் என்பார் இன்னொரு சாரார். சான்று முதிராத இடத்திலேதான் வைத்தியருக்குப் பயிற்சி கூடுதலாகத் தேவைப்படுகிறது. முதிர்ந்த சான்றைப் பாடநூலே சொல்லிவிடும்.

மருந்தியல் துறையிற் சில மணிநேர விரிவுரை. உளமருத்துவத்தில் தீங்கு பற்றிய தனிப்பாடம். சித்த மருத்துவ மாணவரும் மேலைமுறை மாணவரும் ஒருங்கே அமரும் ஒரு கருத்தரங்கு. ஏற்கனவே பணியில் உள்ள வைத்தியர்க்கு மருத்துவச் சங்கங்கள் வார இறுதியில் நடத்தக்கூடிய ஒரு நெறி. இவற்றுக்குப் பாராளுமன்றச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. நோயாளிக்குச் சொல்லவேண்டியதைத் தமிழிற் சொல்லவும் அங்கே பழகவேண்டும். 1864 முதல் மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் மேலைமுறை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; கலைச்சொற்கள் இல்லாத இடத்தில் அவற்றை ஆக்கிக்கொண்டார். இக்கட்டுரையை எழுதும்போது நான் தேடிய சொற்கள் சிலவற்றுக்கு நம்மிடம் இன்றும் தமிழ் இல்லை. அது மருத்துவ பீடத்தின் குறையன்று. எங்கள் பீடத்தின் குறை.

இவ்விதழின் பிரதிகள் சில ஆண்டுதோறும் மருத்துவ பீட நூலகத்துக்கும் அனுப்பப்படுவது வழக்கம். அங்கே கற்பிப்பவரோ கற்பவரோ எவரேனும் இங்கு கூறியவற்றில் பிழை காண்பாராயின், அடுத்த இதழில் மறுப்பு எழுதுமாறு வேண்டுகின்றேன். சின்னம்மாவின் போத்தல் எங்கள் வீட்டு அலுமாரியில் பாதி குறைந்தபடி இருக்கிறது. அதன் முகப்பில் உள்ள எண்களின் பொருளை அவருக்கு விளக்கிச் சொல்லக்கூடிய ஒருவர் எங்கள் மாவட்டத்தில் இருந்தால், அவருடைய கிளினிக் நாளையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.